மூன்றாம் நாள் தவிடு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் காது செய்த கோளாறில் பிறந்தது.

விருத்தாசலம் ஜங்ஷன் பார்சல் ஆபீசில் நான் குமாஸ்தா. இரண்டாயிரத்து எட்டாம் வருடம் மாசி மாதத்தில் ஒருநாள், பீங்கான் பொம்மைப் பெட்டிகளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். கவுண்டருக்கு வெளியே பெட்டிகளின் மேல் சாய்ந்துகொண்டு இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் சின்னவள் சொன்னது என் காதில் விழுந்தது.

"பாலிஷு மூணாம் நாளே சிக்கு வாடை அடிச்சிடுதுக்கா. கோழி கிட்ட வந்து மோந்து பாத்துட்டு அப்படியே திரும்பிப் போயிடுது."

என் பேனா நின்றுவிட்டது. எங்கள் ஊரில் பாலிஷ் என்றால், பொம்மையைச் சூளைக்கு அனுப்புமுன் முக்கியெடுக்கிற பால்போன்ற கலவை. படித்தவர்கள் கிளேஸ் என்பார்கள். பட்டறையில் இருக்கிறவர்களுக்கு அது பாலிஷ்தான். பீங்கானுக்கு அந்தக் கண்ணாடி மினுக்கத்தைக் கொடுப்பது அது. அதைப் போய்க் கோழிக்குப் போடுகிறார்களா?

அன்று வீட்டுக்குப் போனதும் நான்கு பக்கம் எழுதினேன். பாலிஷ் தின்கிற கோழிகள். இறகெல்லாம் பளபளவென்று மின்னும். முட்டை தரையில் விழுந்தால் டங்கென்று சத்தம் கேட்கும், ஆனால் உடையாது. மாய யதார்த்தம் நமக்கும் வந்துவிட்டது என்று ஒரே பெருமை. மனைவியிடம்கூடப் படித்துக் காட்டினேன். "கோழி பாவம்" என்றாள்.

அடுத்த வாரம் அதே பெண் பட்டறைச் சீட்டோடு மறுபடி கவுண்டருக்கு வந்தபோது, கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, கோழிக்குப் பாலிஷ் போட்டா சாகாதா?"

"பாலிஷு போட்டா ஏன் சார் சாவுது? கெட்டுப்போன பாலிஷு போட்டாதான் தின்னாது."

"பாலிஷ் எப்படிம்மா கெட்டுப்போகும்? அதான் மண்ணும் கல்லும் அரைச்சதாச்சே."

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். போர்ட்டர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சார், நீங்க சொல்றது எங்க பட்டறை பாலிஷு. நான் சொல்றது ரைஸ் மில்லு பாலிஷு. அரிசியத் தீட்டுறப்ப மேல இருந்து மாவாட்டம் உதிருதே, அந்தத் தவுடு!"

என் நான்கு பக்கமும் அந்த இடத்திலேயே செத்தது. அவள் பெயர் வேல்விழி. வயது முப்பத்திரண்டு. ரயிலடிக்குப் பின்னால் இருக்கிற ஒரு பீங்கான் பட்டறையில் சூளைக்குள் பொம்மை அடுக்குகிற வேலை. பட்டறை நேரம் போக, கம்மாபுரம் ரோட்டில் அவளும் தெருப் பெண்கள் பதினோரு பேரும் ஒரு மகளிர் குழுவாகச் சேர்ந்து பிராய்லர் கோழி வளர்க்கிறார்கள்.

2

ஒரு கதை செத்த இடத்தில் இன்னொன்று முளைக்கும் என்று நம்பி, புதுசாகத் தொடங்கினேன். தொடங்கியவற்றை மறைக்காமல் இங்கே வைக்கிறேன்.

தொடக்கம் ஒன்று: மணிமுத்தாறு வற்றிக் கிடந்த ஒரு கோடையில், வேல்விழி என்றொரு பெண்

(விட்டுவிட்டேன். ஆற்றுக்கும் கோழிக்கும் என்ன சம்பந்தம்? ஆறு இல்லாமல் கதை தொடங்க எனக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.)

தொடக்கம் இரண்டு: குடித்துவிட்டு வந்த கொளஞ்சிநாதன் எட்டி உதைத்ததில் தீவன வாளி கவிழ்ந்து

(இதையும் விட்டேன். கொளஞ்சிநாதன் வேல்விழியின் கணவர். பெண்ணாடத்துக்குக் கரும்பு லாரி ஓட்டுகிறவர். அவரை ஒரு தடவை டீக்கடையில் பார்த்தேன். தொடர்ந்து மூன்று டீ குடித்தார். அவருடைய கெட்ட பழக்கம் அதுதான். வேறு கெட்ட பழக்கத்தைக் கற்பித்து அவரைக் கதைக்கு உபயோகமாக்கப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது.)

தொடக்கம் மூன்று: நெல் மில்லுக்குள் போனால் அரிசியாக மட்டும் வெளியே வருவதில்லை.

இது கதையின் தொடக்கம் மாதிரியே இல்லை, கட்டுரை மாதிரி இருக்கிறது. ஆனால் எனக்குப் பிடித்திருக்கிறது. வைத்துக்கொள்கிறேன்.

3

நெல் மில்லுக்குள் போனால் அரிசியாக மட்டும் வெளியே வருவதில்லை. உமி தனியாக வருகிறது. உடைந்த குருணை தனியாக வருகிறது. அரிசியைத் தீட்டத் தீட்டத் தவிடு உதிர்கிறது. கடைசித் தீட்டலில் மாவுபோல விழுவது பாலிஷ். சாப்பிடுகிற நமக்குச் சோறு மல்லிகைப்பூவாக இருக்க வேண்டும். சத்து போனால் போகட்டும். போன சத்து எங்கே போகிறது என்று நாற்பத்தாறு வயதுவரை நான் யோசித்ததில்லை.

வேல்விழியின் கொட்டகைக்குப் போன அன்றுதான் தெரிந்தது. உமியைத் தரையில் நான்கு விரல் உயரத்துக்குப் பரப்பியிருந்தார்கள். குஞ்சுகள் அதன்மேல்தான் ஓடுகின்றன, உட்காருகின்றன, தூங்குகின்றன. குருணை தீவனத்தில் இருக்கிறது. பாலிஷும் தீவனத்தில் இருக்கிறது. ஒரு நெல்லின் சுகம் முழுக்கக் கோழிக்குத்தான், நடுவில் இருக்கிற வெள்ளையை மட்டும் நாம் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம் என்று எனக்குத் தோன்றியது. இதை வேல்விழியிடம் சொன்னேன். "அதான் நாம கோழியவும் எடுத்துக்கிறோமே சார்" என்றாள்.

[இந்த மாதிரி இடங்களில் என் வரி ஒன்றும் அவள் வரி ஒன்றும் வந்தால், அவள் வரிதான் நன்றாக இருக்கிறது. திருத்திப் பார்த்துவிட்டேன். ஒன்றும் செய்யமுடியவில்லை.]

முன்பெல்லாம் அவர்களுக்குக் குஞ்சும் தீவனமும் ஒரு கம்பெனியிலிருந்து வரும். வளர்த்துத் திருப்பிக் கொடுப்பதோடு வேலை முடிந்தது. எதைப் போடுகிறோம், ஏன் போடுகிறோம் என்று யாருக்கும் தெரியாது. மக்காச்சோளத்தின் விலை ஏறிக்கொண்டே போன வருடம் அது. வேல்விழிதான் குழுக் கூட்டத்தில் எழுந்து பேசினாள்: "மில்லு பக்கத்துத் தெருவுல இருக்குது. குருணையும் பாலிஷும் அங்கயே கெடக்குது. சோளத்துல கொஞ்சத்தக் கொறைச்சிட்டு இதப் போடலாம். நாமளே கலப்போம். நான் பாத்துக்கிறேன்."

நான் பாத்துக்கிறேன் என்கிற சொல் எப்போதும் ஆளை மாட்டிவிடும். ஐந்நூறு குஞ்சு இறக்கினார்கள். ஒரே தடவையாக இரண்டு வாரத்துக்கான பாலிஷ் வாங்கி மூட்டை கட்டி அடுக்கினார்கள். பாலிஷில் எண்ணெய் உண்டு. தீட்டிய அன்று அது பொரிமாவு மாதிரி மணக்கும். மூன்றாம் நாள் பழைய எண்ணெய்ச் சட்டி மாதிரி நாறும், நாக்கில் வைத்தால் கசக்கும். மண்ணும் கல்லும் அரைத்த பாலிஷோடு பழகியவர்கள் அவர்கள். அந்தப் பாலிஷ் பத்து வருடம் கிடந்தாலும் கெடாது. இந்தப் பாலிஷும் மூட்டையில் இருந்தால் இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தாளே வேல்விழி, அவளும் அதே சொல்லில்தான் சறுக்கியிருந்தாள்.

கோழிகள் தீவனத்தை மூக்கால் தள்ளிவிட்டுச் சோளத்தை மட்டும் பொறுக்கின. நாற்பத்திரண்டாம் நாள் நிறுத்துப் பார்த்தபோது, "பொறா மாதிரி இருந்துச்சு சார். தூக்கிப் பாக்கவே அசிங்கமா இருந்துச்சு" என்றாள்.

குழுவின் தலைவி சொர்ணாம்பாள். ஐம்பது வயது. கோபம் வந்தால் குரலை உயர்த்தமாட்டார், தாழ்த்துவார். அவர் நோட்டை எடுத்துத் தீர்மானம் எழுதினார். எல்லாரும் பார்க்க எழுதினார்.

"அடுத்த பேட்ச் சராசரி இரண்டு கிலோ வராவிட்டால் வேல்விழி பெயரை"

அதோடு பேனாவை மூடினார். "நாப்பத்திரெண்டாம் நாள் பாத்துட்டு மிச்சத்த எழுதுறேன்" என்றார்.

பெயர் போனால் என்ன, குழு இல்லாமல் வாழ முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். வேல்விழிக்குத் தலைப்பிரசவம் சிக்கலானபோது ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தது அந்தப் பதினோரு பேர். குழுவில் இருக்கிற பிரபா வீட்டுக் கூரை எரிந்தபோது அன்றைக்கே பானையும் பாயும் கொண்டுவந்து கொடுத்தது அவர்கள். நல்லதுக்கும் கெட்டதுக்கும் அந்தத் தெருவில் முதல் ஆளாக வந்து நிற்கிறவர்கள் அவர்கள்தான். "அந்த நோட்டுல பேரு இல்லாம அந்தத் தெருவுல எப்படி சார் நடக்கிறது?" என்றாள். அப்போது மட்டும் அவள் சிரிக்கவில்லை.

4

இப்போது தூக்குவாளி.

இந்த இடத்தை நான் ஏழு முறை எழுதினேன். கண்டுபிடிப்பு என்றால் அதற்கு ஒரு மின்னல் வேண்டாமா? அவள் சூளையின் நெருப்பை உற்றுப்பார்த்ததாகவும், நெருப்பு அவளிடம் ஏதோ சொன்னதாகவும்

(இல்லை. அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. நெருப்பு யாரிடமும் பேசாது.)

நடந்தது இதுதான். அவள் வீட்டில் ஒரே மாதிரி இரண்டு தூக்குவாளிகள். ஒன்று சாப்பாட்டுக்கு. மில்லிலிருந்து மாதிரிக்கு வாங்கிவந்த புதுப் பாலிஷில் பாதியை இன்னொன்றில் போட்டு, மீதியைப் பையிலேயே வைத்திருந்தாள். காலை அவசரத்தில் வாளியை மாற்றி எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்துவிட்டாள். பட்டறையில் எல்லாரும் சாப்பாட்டைச் சூளையின் மேல்மாடத்தில்தான் வைப்பார்கள். மத்தியானம் வரை சூடாக இருக்கும். மத்தியானம் திறந்தால் உள்ளே தவிடு. பட்டறையே சிரித்தது. சூளை மேஸ்திரி கலியமூர்த்தி, "இன்னிக்கு நீ கோழியாட்டம் கொத்தித் தின்னு" என்றார். குழுவிலும் பட்டறையிலும் கூடவே இருக்கிற காசியம்மாளின் சோற்றில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, வெட்கத்தில் வாளியை மேலேயே வைத்துவிட்டு மறந்துபோனாள்.

எட்டு நாள் கழித்து வாளி ஞாபகம் வந்தது. எடுத்துத் திறந்தாள். நாறும் என்று முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டுதான் திறந்தாள்.

நாறவில்லை. பொரிமாவு வாசனை அப்படியே இருந்தது. ஒரு சிட்டிகை வாயில் போட்டாள், கசக்கவில்லை. அன்றைக்கே வீட்டுக்குப் போய், பையில் கிடந்த அதே பாலிஷின் மீதியை மோந்து பார்த்தாள். குமட்டிக்கொண்டு வந்தது.

இதைத்தான் நான் வியக்கிறேன். வாளி மாறுவது யாருக்கும் நடக்கும். நானாக இருந்தால் கழுவி வைத்திருப்பேன். அவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மோந்து பார்த்தாள்.

5

கலியமூர்த்தி மேஸ்திரியிடம் போனாள். அவர் சூளைக்கு எஜமான். முதலாளியே அவரைக் கேட்டுவிட்டுத்தான் கதவைத் தொடுவார்.

"மேஸ்திரி, பொம்மை எடுத்தப்புறம் சூளை ஆறுற வரைக்கும் சும்மாதான இருக்குது? அந்தச் சூட்டுல தவுட்ட வறுத்துக்கலாமா?"

"சூளைக்குள்ள தவுட்ட வைக்கிறதா? பத்திக்கிட்டா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன்."

"நீ சொல்லுவ. தீயணைக்கிற வண்டிக்காரன் என்னையில்ல கேப்பான்."

ஆனாலும் சம்மதித்தார். முதல் தடவை அவசரப்பட்டு வைத்ததில் தவிடு கருகி, பட்டறை முழுக்கப் புகை. வெளியே காய்ந்துகொண்டிருந்த பொம்மைகளெல்லாம் இரண்டு நாளைக்குக் கருகின ரொட்டி மாதிரி மணந்தன. கலியமூர்த்தி மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

இரண்டாவது தடவைக்கு அவள் ஒரு வழி செய்தாள். எங்கள் ஆபீசிலிருந்து போகும் பார்சல் சீட்டு ஒன்றைக் கம்பியில் குத்திச் சூளைக்குள் நீட்டினாள். தாள் பழுத்துப் பழுப்பானால் சூடு அதிகம், சூளை ஆற இன்னும் நேரமிருக்கிறது. பழுக்காமல் சுருண்டு மட்டும் வந்தால் சரியான சூடு. பொம்மை வைக்கிற மண்பெட்டிகளில் பாலிஷை ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, லேசாகத் தண்ணீர் தெளித்து உள்ளே வைத்தாள். பாதியில் ஒருமுறை கிளறினாள். ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம். வெளியே எடுத்து, நன்றாக ஆறிய பிறகுதான் மூட்டையில் கட்டினாள். பத்து நாள் ஆயிற்று, பதினைந்து நாள் ஆயிற்று. வாசனை மாறவில்லை.

[பார்சல் சீட்டுக்கு இப்படி ஓர் உபயோகம் இருப்பது ரயில்வேக்குத் தெரியாது. நானும் சொல்லப்போவதில்லை.]

[இன்னொன்று. இந்த இடத்திலிருந்து வேல்விழியை 'அவர்' என்று எழுதப்போகிறேன். முந்தைய பகுதிகளையும் திருத்தலாம்தான். ஆனால் என் மனசில் அவள் அவராக மாறியது இங்கேதான். அதை மறைக்க விரும்பவில்லை.]

சொர்ணாம்பாளிடம் வேல்விழி கேட்டது ஒன்றே ஒன்று: அடுத்த பேட்ச்சிலும் பாலிஷ் கலக்க அனுமதி. சித்திரை மாதம் ஐந்நூறு குஞ்சு இறங்கியது. முதல் மூன்று வாரம் குஞ்சுகளுக்குப் பாலிஷ் கிடையாது, சின்ன வயிறு தாங்காது. அதற்குமேல் பத்துப் படித் தீவனத்தில் ஒன்றரைப் படி, அதுவும் வறுத்தது. சோளம் குறைந்த இடத்தைக் குருணை நிரப்பியது. ஆசைப்பட்டு ஒரு பிடிகூட அதிகமாகப் போடவில்லை. முன்பு சூடு பட்டவர் அல்லவா.

6

முப்பத்தைந்தாம் நாள் வாக்கில் என் வரைவு முடிந்தது. முடிவு மட்டும் பாக்கி. ஒரு பிரதியைக் கொளஞ்சிநாதனிடம் கொடுத்தனுப்பினேன். மறுநாள் காலை பத்து மணிக்கு வேல்விழி கவுண்டருக்கு வந்து நின்றார். கையில் என் தாள்கள்.

"சார், நாப்பது குஞ்சு எப்படி செத்துச்சு?"

"அது வந்தும்மா, கதைக்கு ஒரு இறுக்கம் வேணும்னு..."

"எந்த நோய்ல செத்துச்சு?"

"அதை எழுதலம்மா."

"நோய் என்னன்னு தெரியாம நாப்பது குஞ்ச சாவடிச்சிருக்கீங்க. எங்க பேட்ச்சுல இன்னிக்கு வரைக்கும் மொத்தமே ஒம்போது. மூணு பொட்டியிலயே தொவண்டு வந்துச்சு. ரெண்டு தண்ணித் தொட்டிக்கிட்ட நசுங்கிடுச்சு. ஒண்ணக் கீரி தூக்கிட்டுப் போச்சு. மூணு வெயிலு தாங்காம போயிடுச்சு, அன்னிக்கு நாங்க பன்னெண்டு பேரும் ஈரச் சாக்கு கட்டிக்கிட்டு இருந்தோம். ஒண்ணொண்ணும் எப்படிப் போச்சுன்னு எனக்குத் தெரியும் சார்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இருபது வருடமாகக் கதை எழுதுகிறேன். எத்தனையோ பேரைக் கொன்றிருக்கிறேன். காய்ச்சல், கிணறு, பாம்பு, ரயில். எதற்கும் யாரும் வந்து கணக்குக் கேட்டதில்லை.

"அப்புறம் சொர்ணாக்காவ ஏன் சார் கெட்டவங்களா எழுதியிருக்கீங்க?"

"உங்க பேரை அடிக்கப் பாத்தாங்களேம்மா."

"பேங்குக் கடனுக்குக் குழுவுக்காக முதல்ல கையெழுத்துப் போட்டது அவங்கதான். நான் சொன்னத நம்பிப் போட்டாங்க. பொறா மாதிரி கோழிய வளத்துக் குடுத்தா கேக்கமாட்டாங்களா? அவங்க கேட்டது நியாயம். எனக்கு அன்னிக்குக் கோவமே வரல, பயம்தான் வந்துச்சு. அத எழுதுங்க."

எழுதினேன். நாற்பது குஞ்சுகளையும் அன்று மாலையே உயிர்ப்பித்தேன். சொர்ணாம்பாள் மேல் போட்டிருந்த கறுப்பையும் துடைத்தேன். நீங்கள் மூன்றாம் பகுதியில் படித்தது திருத்திய சொர்ணாம்பாளை.

7

நாற்பத்திரண்டாம் நாள் எனக்கு டியூட்டி. நான் போகவில்லை. நேரில் பார்க்காத நாளைப் பற்றி மூன்று முடிவுகள் எழுதிவைத்திருந்தேன்.

முடிவு ஒன்று: தராசு முள் இரண்டேகால் கிலோவைத் தாண்டி நிற்கிறது. சொர்ணாம்பாள் வேல்விழியைக் கட்டிக்கொண்டு அழுகிறார். (சொர்ணாம்பாள் யாரையும் கட்டிக்கொள்கிறவர் அல்ல. அழுகிறவரும் அல்ல.)

முடிவு இரண்டு: சராசரி ஒன்றே முக்கால். சொர்ணாம்பாள் பேனாவைத் திறக்கிறார். வேல்விழி எழுந்து நடக்கிறார், கொட்டகையின் கோழிகள் எல்லாம் ஒரே நேரத்தில் (இதை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. கலங்கியதால் சந்தேகம் வந்து விட்டுவிட்டேன். எனக்குச் சுலபமாக வருவது சோகம்தான்.)

முடிவு மூன்று: நிறுக்கும்போது தராசின் கொக்கி அறுந்து (நடுவில் நிறுத்திவிட்டேன். முடிக்கத் தெரியாதவன் தராசை உடைக்கிறான்.)

பிறகு வேல்விழியிடமே கேட்டேன். எடையைச் சொன்னார். உடனே, "ஆனா அத எழுதாதீங்க சார்" என்றார்.

"ஏம்மா?"

"எடைய எழுதினா, அத மட்டும் பாத்துட்டு நாலு பேரு பச்சைத் தவுட்ட அள்ளிப் போட்டுடுவாங்க. அப்புறம் அவங்க கோழியும் பொறாவாயிடும். எப்படி வறுக்கிறதுன்னு எழுதுங்க. தாளு பழுக்கக் கூடாது, சுருளணும். அத விட்டுடாதீங்க."

விடவில்லை. ஐந்தாம் பகுதியில் இருக்கிறது. எடை இந்தக் கதையில் எங்கும் இல்லை.

8

ஆனி மாதம். பகல் பதினோரு மணி. வேல்விழி ஒரு மூட்டையோடு வந்தார். திண்டுக்கல் பக்கத்தில் ஒரு மகளிர் குழு, ஏதோ கண்காட்சியில் இவர்களைச் சந்தித்தவர்கள், மாதிரிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தார்களாம். தீட்டி முப்பது நாள் ஆன பாலிஷ். மூட்டையின் வாய் நெருக்கமாக, ஒரே சீராகத் தைக்கப்பட்டிருந்தது.

"யாரு தைச்சது?"

"சொர்ணாக்கா. என்னைத் தைக்க வுடல. பிரிஞ்சிடும்னு சொல்லிட்டாங்க."

"நோட்டுல பாதியில நின்ன அந்த வரி என்னாச்சும்மா?"

"அப்படியேதான் சார் இருக்குது. முடிக்கவும் இல்ல, அடிக்கவும் இல்ல. அதுக்குக் கீழயே அடுத்த கூட்டத்த எழுத ஆரம்பிச்சிட்டாங்க."

பாதியில் நிற்கும் வரிகளை நான் எப்போதும் அடித்துவிடுவேன், அல்லது அடைப்புக்குறிக்குள் போட்டுச் சமாளிப்பேன். அப்படியே விட்டுவிட்டுக் கீழே எழுதிக்கொண்டு போகலாம் என்று சொர்ணாம்பாள்தான் எனக்குக் காட்டிக்கொடுத்தார்.

மூட்டையில் கட்டும் அட்டையை எடுத்தேன். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். பொருள் என்கிற இடத்தில் பேனாவை வைத்தேன்.

"பாலிஷ்னு எழுதட்டா?"

"ஐயய்யோ, வேணாம். பொம்மைக்குன்னு நெனச்சி வேற எங்கயாவது எறக்கிடப் போறாங்க. வறுத்த தவுடுன்னே எழுதுங்க."

எழுதினேன். அனுப்புநர் என்கிற இடத்தில் 'வேல்விழி' என்று எழுதப்போனேன். வே எழுதும்போதே அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"எம்பேர ஒண்டியா எழுதாதீங்க சார். பன்னெண்டு பேரு பேரும் எழுதுங்க."

"இதுல அவ்வளவு இடம் இல்லம்மா. ஒரு பேரு போதும்."

"பொடியா எழுதுங்க. உங்க கதையிலதான் நாலு பேரத் தவிர மத்தவங்களக் காணோம். ஈரச் சாக்கு கட்டினது நான் ஒருத்தியா? இதுல ஒரு பேரு வுட்டுப்போனாலும் மூட்டைய ஏத்தக் கூடாது. சொல்லிட்டேன்."

திட்டும்போதுகூட இவரை எனக்குப் பிடிக்கிறது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல நேரமிருக்காது. அட்டையைத் திருப்பிப் போட்டேன். அவர் விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். நான் எறும்பு எழுத்தில் எழுதினேன். முதலில் சொர்ணாம்பாள். பிறகு காசியம்மாள், அம்புஜவல்லி, திரௌபதி, துர்காதேவி, பிரபா, விருத்தாம்பாள், பெரியநாயகி, செல்லியம்மாள், கொளஞ்சியம்மாள், பாலாம்பிகை.

பட்டறைப் பக்கமிருந்து சங்கு ஊதியது.

"சூளை தெறக்கிற நேரம் சார். தாளு காட்டிப் பாக்கணும். போயிட்டு வரேன்." நான் தலை நிமிர்வதற்குள் படியிறங்கிப் போய்விட்டார்.

பெயர்களுக்கு வரிசை எண் போட்டேன். பதினொன்றோடு நின்றது. மறுபடி எண்ணினேன், பதினொன்றுதான். வெளியே ஓடிப் பார்த்தேன். வேல்விழி மேம்பாலத்தின் அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் கேட்காத தூரம். வண்டிக்குச் சிக்னல் விழுந்துவிட்டது. போர்ட்டர் வந்து மூட்டைமேல் கை வைத்தார். நான் வேண்டாம் என்றேன்.

நானே எழுதிவிடலாம். எழுத மனமில்லை. இந்தக் கதை முழுக்க அவர் பெயரை எழுதியது நான்தான், அதில் பாதியைத் தப்பாக எழுதியிருந்தேன். நோட்டில் ஒருவர் பாதியில் நிறுத்திய வரிக்கு எதிராக எழுதவேண்டிய பெயர் அது. வேறொரு கை எழுதினால்தான் சரியாக இருக்கும். முதல் பக்கத்திலிருந்து கூடவே வந்தவர் நீங்கள். அந்தப் பெயர் உங்களுக்குத் தெரியும்.

அட்டையின் அடியில் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. பேனாவை இந்தப் பக்கம் நீட்டுகிறேன். வண்டி மூன்று நிமிடம்தான் நிற்கும்.

12. ........................